சாமிக்கு யார் தக்கார்?



நம்ம ஞாயிற்றுக்கிழமை திருமுறை வகுப்பில் படிவம் 2 படிக்கிற தம்பி ஒருத்தன் என்னைக் கேட்டான்: "அண்ணா, சாமிக்கு எல்லா சக்தியும் இருக்குன்னா, அவரை எப்படித் திருடிக்கிட்டுப் போக முடியும்? திருடன் கையைப் பிடிச்சு நிறுத்த மாட்டாரா?"

வகுப்பில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. நம்ம முன்னோர்கள் பல நூறு வருஷங்களாகக் கண்ணீரோடு கேட்ட கேள்வி. கோயிலுக்குள் போய், கருவறையில் சாமி இல்லாத வெறும் பீடத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும்.

பெரியவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். இறைவன் எங்கும் நிறைந்தவர். அவரை யாரும் எங்கேயும் தூக்கிப் போக முடியாது. ஆனால் நம் மேல் வைத்த கருணையினால் ஒரு மூர்த்தியில் எழுந்தருளுகிறார். வைணவ ஆச்சாரியர்கள் இதை அர்ச்சாவதாரம் என்பார்கள். அந்த நிலையில் அவர் தம்மை நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறார். நாம் குளிப்பாட்டினால்தான் குளியல், நாம் உடுத்தினால்தான் உடை, நாம் படைத்தால்தான் நைவேத்தியம். ஒரு கைக்குழந்தை மாதிரி இருக்கிறார். கைக்குழந்தையைத் திருடன் தூக்கிப் போனால், "குழந்தை ஏன் அவனைத் தடுக்கவில்லை?" என்றா கேட்போம்? "வீட்டில் யாருமே இல்லையா?" என்றுதான் கேட்போம்.

இன்றைக்கு நான் பேச நினைப்பதும் அதைப் பற்றித்தான். தொலைந்துபோன சாமிகள் கடலுக்கு அடியிலும், மண்ணுக்கு அடியிலும், பணக்கார நாடுகளின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் கிடைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் திரும்பி வந்ததற்குக் காரணம், அவர்களை அடையாளம் தெரிந்த ஒரு ஆள் எங்கேயோ இருந்ததுதான்.

முதலில் திருச்செந்தூருக்குப் போவோம். மலேசியாவில் முருகன் கதை இல்லாமல் எதைத் தொடங்க முடியும்?

1641-இல் டச்சுக் கம்பெனிக்காரர்கள் போர்த்துகீசியர்களிடமிருந்து மலாக்காவைப் பிடித்தார்கள். அதற்கு நம்ம ஜொகூர் சுல்தானின் படை உதவி செய்தது என்று பள்ளிக்கூடத்து சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே டச்சுக் கம்பெனி, அதற்குப் பிறகு பத்து வருஷம் ஆவதற்குள், தமிழ்நாட்டுக் கடற்கரையில் திருச்செந்தூர்க் கோயிலில் புகுந்து உட்கார்ந்துகொண்டது. போகும்போது உற்சவ மூர்த்தியான சண்முகரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது.

இதற்கு மேல் நடந்ததைக் கோயில் வரலாறு இப்படிச் சொல்கிறது. நடுக்கடலில் பெரும் புயல் அடித்தது. பயந்துபோன அவர்கள் சிலையைக் கடலில் போட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில் நாயக்க மன்னரின் அதிகாரியாக இருந்த வடமலையப்ப பிள்ளை, சாமி போன துக்கம் தாங்காமல் புதிதாக ஒரு சண்முகரைச் செய்ய ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தார். அவர் கனவில் முருகன் வந்தார். கடலில் எந்த இடத்தில் எலுமிச்சம்பழம் மிதக்கிறதோ, எந்த இடத்துக்கு மேலே கருடன் வட்டமிடுகிறதோ, அங்கே தேடு என்றார். 1653-இல் படகில் போய்த் தேடினார்கள். பழம் மிதந்தது, கருடன் வட்டமிட்டது, முங்கி எடுத்தார்கள். சண்முகர் மறுபடி செந்தூர் வந்து சேர்ந்தார்.

என் கூடப் படிக்கிற நண்பன் இதைக் கேட்டதும், "முருகன் அந்தக் காலத்துலேயே ஜிபிஎஸ் லொகேஷன் அனுப்பியிருக்காருடா" என்றான். நல்ல தமாஷ்தான். ஆனால் லொகேஷன் யாருக்குப் போனது என்று பாருங்கள். அதே கடலில் தினமும் எத்தனையோ பேர் போய்வந்திருப்பார்கள். கனவு வந்தது, சாமி இல்லையே என்று தூக்கம் கெட்டுப்போன ஒரு மனுஷனுக்குத்தான். தேடுகிறவனுக்குத்தான் வழி காட்ட முடியும். தேடாதவனுக்கு எத்தனை எலுமிச்சம்பழம் மிதந்தாலும் அது வெறும் எலுமிச்சம்பழம்தான்.

இரண்டாவது, ஸ்ரீரங்கம். இது இன்னும் முன்னூறு வருஷம் முந்தியது. 1323-இல் டில்லி சுல்தான் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது, மூலவர் சன்னதியைக் கல் சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரான அழகிய மணவாளரை, வயது முதிர்ந்த பிள்ளை லோகாச்சாரியார் தலைமையில் ஒரு சிறு கூட்டம் இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு தெற்கே போனது. வழியிலேயே, மதுரை பக்கத்தில், ஆச்சாரியார் பரமபதம் அடைந்தார். பெருமாளின் பயணம் மட்டும் நிற்கவில்லை. மலையாள தேசம், மேல்கோட்டை, திருமலை என்று ஊர் ஊராக, காடு காடாக மறைந்து திரிந்தார். 48 வருஷம் கழித்து, 1371-இல், விஜயநகரத்துத் தளபதி கோபணர் அவரை ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்.

இங்கேதான் பெரிய சிக்கல். பெருமாள் போன பிறகு, அவர் வரமாட்டாரோ என்று ஊரில் வேறொரு மூர்த்தியைச் செய்து வைத்துப் பூசை நடத்தியிருந்தார்கள். இப்போது இரண்டு பெருமாள் இருக்கிறார்கள். 48 வருஷம் என்பது இரண்டு தலைமுறை. பழைய பெருமாளைப் பார்த்தவர்கள் ஊரில் அநேகமாக யாருமே உயிரோடு இல்லை. எது பழைய மூர்த்தி?

கடைசியில் ஒரு வண்ணாரைக் கண்டுபிடித்தார்கள். தள்ளாத வயசு, கண் பார்வையும் போய்விட்டது. ஆனால் அந்தக் காலத்தில் பெருமாளின் திருமஞ்சன ஆடைகளைத் துவைத்தவர் அவர்தான். "எனக்குக் கண் தெரியாது. ஆனா பெருமாள் குளிச்ச ஈரத்துணியைப் பிழிஞ்சு அந்தத் தண்ணியைக் கொடுங்க, சொல்றேன்" என்றாராம். இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் ஆனது. ஈர ஆடையின் தீர்த்தம் கைக்கு வந்தது. ஒன்றை வாயில் விட்டதும் கஸ்தூரி வாசனை. இவரேதான் நம்ம பெருமாள் என்று அந்தக் கிழவர் கதறிவிட்டார். அன்றிலிருந்துதான் ஸ்ரீரங்கத்து உற்சவருக்கு நம்பெருமாள் என்ற பேர் நிலைத்தது என்று கோயில் மரபு சொல்கிறது.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஊரில் பண்டிதர்கள் இருந்திருப்பார்கள், அதிகாரிகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் தெரியாதது துணி துவைத்த கைக்குத் தெரிந்தது. சாமிக்குப் பேர் கொடுத்தது அந்த வாய்.

இப்போது நம்ம காலத்துக்கு வருவோம். ஆயிரம் கிலோமீட்டர்கள் தாண்ட வேண்டாம். நம்ம ஜொகூர் பாருவிலிருந்து காஸ்வே தாண்டினால் சிங்கப்பூர். ஜாம் இல்லாத நாளில் (அப்படி ஒரு நாள் இருந்தால்!) ஒரு மணி நேரத்தில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போய்விடலாம். அங்கே சோழர் காலத்து உமா பரமேஸ்வரி செப்புத் திருமேனி ஒன்று இருந்தது. 2007-இல் நியூயார்க்கில் இருந்த ஒரு கலைப்பொருள் கடையிலிருந்து 6,50,000 அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. நம்ம ஊர்க்காரர்கள் எத்தனை பேர் பள்ளிச் சுற்றுலாவில் போய் அந்த அம்பாளைப் பார்த்திருப்பார்கள்! பக்கத்தில் நின்று படம்கூட எடுத்திருப்பார்கள்.

அந்த அம்பாள் தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற சின்ன கிராமத்துச் சிவன் கோயிலிலிருந்து திருடப்பட்டவள்.

ஸ்ரீபுரந்தான் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அங்கே சோழர் காலக் கோயில் ஒன்று இருக்கிறது. ஆனால் பூசை நின்றுபோய், வௌவால் அடைந்து, பூட்டிக் கிடந்தது. உள்ளே நடராசர், அம்பாள் என்று விலைமதிக்க முடியாத செப்புத் திருமேனிகள். 2006-இல் திருடர்கள் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். சாமிகளை லோரியில் ஏற்றி, சென்னைக்குக் கொண்டுபோய், கைவினைப் பொருள் என்று பொய்க் கணக்கு எழுதிக் கடல் கடத்தினார்கள். நாலடிக்கு மேல் உயரமான நடராசர் 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடத்துக்கு 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் விற்கப்பட்டார். அம்பாள் சிங்கப்பூருக்கு வந்தாள்.

இதில் என் மனசை ரொம்பச் சுட்டது திருட்டு இல்லை. திருட்டு நடந்தது 2006. சாமி இல்லை என்று ஊருக்குத் தெரிந்தது 2008. சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் உள்ளே வெறும் பீடம் தெரிந்தது. நடுவில் இரண்டு வருஷம், ஒரு சிவராத்திரிக்காவது, ஒரு ஆருத்ரா தரிசனத்துக்காவது உள்ளே போய் விளக்கு ஏற்றியிருந்தால் தெரிந்திருக்குமே.

ஊர் மக்களை நான் குறை சொல்லவில்லை. ஏழைக் கிராமம். கோயிலுக்கு வருமானம் இல்லை, அர்ச்சகர் இல்லை. ஆனால் திருச்செந்தூரையும் ஸ்ரீபுரந்தானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சாமி போன அன்றைக்கே ஊர் அழுதது. இங்கே சாமி போனதே யாருக்கும் தெரியவில்லை. திருடன் எந்தக் கோயிலைத் தேர்ந்தெடுக்கிறான்? யாரும் போகாத கோயிலை. பூட்டை உடைத்தது 2006-இல் என்றாலும், அந்தக் கோயிலுக்கு யாரும் போகாமல் விட்ட அன்றைக்கே பாதித் திருட்டு முடிந்துவிட்டது.

அப்படியானால் அந்த நடராசரும் அம்பாளும் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டார்கள்? கனவு வந்ததா? வண்ணார் வந்தாரா? ஒரு விதத்தில் வந்தார் என்றுதான் சொல்வேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்தவர்கள் 1950-களிலிருந்து தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய், பெரிய கோயில், சின்ன கோயில், இடிந்த கோயில் என்று பார்க்காமல் மூர்த்திகளைப் படம் எடுத்து வைத்தார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். எடுத்தபோது யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. ஆனால் இன்றைக்கு உலகத்தில் எந்த அரும்பொருளகத்தில் ஒரு சோழர் காலச் சாமி நின்றாலும், இவர் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்வதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி. ஸ்ரீபுரந்தான் திருமேனிகளுக்கும் அந்தப் படங்கள்தான் கை கொடுத்தன.

அந்தப் படங்களையும் அரும்பொருளகப் படங்களையும் வைத்து ராத்திரி ராத்திரியாக ஒப்பிட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் எஸ். விஜயகுமார். சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த தமிழர். தொழிலால் அவர் சரித்திர ஆராய்ச்சியாளரும் இல்லை, போலீசும் இல்லை. நம்மைப் போல ஒரு ஆள், நண்பர்களோடு சேர்ந்து இதைச் செய்தார். ஆனந்தமங்கலம் இராஜகோபாலசுவாமி கோயில் இராமர், சீதை, இலட்சுமணர் மூவரும் 1978-இல் திருடப்பட்டார்கள். 1958-இல் பிரெஞ்சு நிறுவனம் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, இங்கிலாந்தில் இருக்கிற மூவரும் இவர்கள்தான் என்று நிரூபித்தார்கள். 2020 செப்டம்பரில் இலண்டனில் இந்தியத் தூதரகத்திடம் மூவரையும் ஒப்படைத்தார்கள். இராமாயணத்தில் வனவாசம் 14 வருஷம். இந்த இராமருக்கு 42 வருஷம்.

இங்கே நான் கொஞ்சம் என் படிப்பைப் பேச அனுமதி கொடுங்கள். நான் படிப்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பட்டறை வகுப்பில் உலோக வார்ப்பு பற்றி ஒரு பாடம் வரும். ஒரே அச்சில் ஆயிரம் துண்டு வார்க்க வேண்டும், ஆயிரமும் ஒன்று போல இருக்க வேண்டும் என்பதுதான் தொழிற்சாலையின் இலட்சியம். ஒரு சின்னக் குழி, ஒரு சின்னக் கோடு விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவோம். ஆனால் நம்ம ஸ்தபதிகள் செய்கிற முறை வேறு. முதலில் மெழுகில் சாமியைச் செய்வார்கள். அதன் மேல் வண்டல் மண் பூசிக் காயவைப்பார்கள். நெருப்பில் சூடு பண்ணினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறின பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சாமியை வெளியே எடுக்க முடியும். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. அதே சாமியை இன்னொரு தடவை வார்க்க உலகத்தில் யாராலும் முடியாது.

அதனால் ஒவ்வொரு திருமேனிக்கும் அதற்கே உரிய சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். முதுகுப் பக்கம் ஒரு புள்ளி, பீடத்தில் ஒரு ஒட்டு, வருஷக்கணக்கில் அபிஷேகம் பண்ணித் தேய்ந்த மூக்கு. படங்களை ஒப்பிடுகிறவர்கள் இந்தக் குறிகளைத்தான் தேடுகிறார்கள். தொழிற்சாலையில் குறை என்று தள்ளிவிடுகிற அதே குறிதான், இவர் எங்கள் இராமர் என்று அடித்துச் சொல்ல உதவுகிறது. தாய்க்குப் பிள்ளையின் மச்சம் தெரியும் என்பது மாதிரிதான் இது.

பலன் என்ன? ஆஸ்திரேலியப் பிரதமர் 2014 செப்டம்பரில் டில்லிக்கு நேரில் வந்து ஸ்ரீபுரந்தான் நடராசரை ஒப்படைத்தார். சிங்கப்பூர் அரும்பொருளகமும் 2015-இல் உமா பரமேஸ்வரியைத் திருப்பித் தர முன்வந்தது. கடைக்காரர் சுபாஷ் கபூர் 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்டு, அடுத்த வருஷம் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் ஒரு சிலைத் திருட்டு வழக்கில் அவருக்கு 10 வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். திரும்பி வந்த நடராசரை நேரே ஸ்ரீபுரந்தான் கோயிலில் கொண்டுபோய் வைக்கவில்லை. கும்பகோணத்தில் இருக்கும் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். பூசை இல்லாத கோயிலில் எப்படி நம்பி வைப்பது? சாமி தேசத்துக்கு வந்துவிட்டார், வீட்டுக்கு வர முடியவில்லை. சாமியை மீட்பது பாதி வேலை. அவர் வந்து உட்கார ஒரு வீடும், விளக்கேற்ற ஒரு கையும் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரைக்கு நான் வைத்த தலைப்புக்கு இப்போது வருகிறேன்.

1976-இல் தஞ்சாவூர்ப் பக்கம் பத்தூர் என்ற ஊரில், இடிந்து கிடந்த ஒரு சிவன் கோயில் அருகே, ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது ஒரு நடராசர் கிடைத்தார். அந்தக் காலத்தில் படையெடுப்புப் பயத்தில் இப்படிப் பல ஊர்களில் சாமிகளை மண்ணுக்குள் பத்திரமாக மறைத்து வைத்தார்கள். வைத்தவர்கள் இறந்துபோனார்கள், இடத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. பத்தூர் நடராசர் கைமாறிக் கைமாறி இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். 1982-இல் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று அவரை வாங்கியது. இலண்டனில் போலீஸ் பிடித்தது. வழக்கு நடந்தது.

யார் யார் உரிமை கேட்டார்கள் தெரியுமா? இந்திய அரசு, தமிழ்நாடு அரசு மட்டும் இல்லை. அந்த இடிந்த கோயிலும் கேட்டது. கோயிலில் இருந்த சிவலிங்கமும் கேட்டது. இந்தியச் சட்ட மரபுப்படி கோயிலுக்கும் தெய்வத்துக்கும் சொத்துரிமை உண்டு, வழக்குப் போடவும் உரிமை உண்டு. ஆனால் வாய் திறந்து பேச முடியாது இல்லையா? அதனால் அவர்களுக்காகப் பேச ஒரு மனுஷர் வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில் நிர்வாகத்தில் அப்படிப்பட்டவருக்கு 'தக்கார்' என்று பேர். தகுதி உள்ளவர் என்று அர்த்தம்.

இலண்டன் நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தால் என்ன ஆகும்? பல நூறு வருஷமாகப் பூசை இல்லாத, கூரை விழுந்த கோயில், ஒரு தக்கார் வழியாக, காசு கொடுத்து வாங்கிய கம்பெனிக்கு எதிராக நிற்கிறது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி இலண்டனுக்குப் போய்ச் சாட்சி சொன்னார். 1988-இல் தீர்ப்பு கோயில் பக்கம் வந்தது. மேல்முறையீட்டிலும் 1991-இல் அதே தீர்ப்பு நின்றது. கம்பெனியைவிடக் கோயிலுக்குத்தான் உரிமை அதிகம் என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். அதே வருஷம் நடராசர் தமிழ்நாடு திரும்பினார். பாழடைந்த ஒரு கோயில் ஜெயித்தது, அதற்காகப் பேச ஒருத்தர் எழுந்து நின்றதால்.

சரி, இதெல்லாம் தமிழ்நாட்டுக் கதை, ஜொகூரில் இருக்கிற நமக்கு என்ன என்று கேட்பீர்கள்.

நம்ம தாத்தா பாட்டிகள் கப்பலில் வந்து இறங்கி, ரப்பர்த் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தபோதே முதலில் கட்டியது கோயிலைத்தான். குளுவாங், சிகாமாட், கூலாய், கோத்தா திங்கி என்று இந்த மாநிலம் முழுக்கத் தோட்டத்துக் கோயில்கள். பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டது, நிலம் வீடமைப்புக்குப் போனது. மக்கள் தாமானுக்கு மாறினார்கள், பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். சில கோயில்கள் கூடவே வந்தன. சில கோயில்கள் அங்கேயே தனியாக நிற்கின்றன.

போன வருஷம் எங்கள் இளைஞர் குழு ஆறு கோயில்களில் ஒரு சின்ன வேலை செய்தது. கோயிலில் என்னென்ன மூர்த்திகள் இருக்கின்றன என்று எழுதிப் படம் எடுத்துக் கொடுக்கும் வேலை. குளுவாங் பக்கம் ஒரு கோயிலில், ஸ்டோர் ரூமில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் பழைய ஸ்பீக்கருக்கும் பின்னால் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு அம்மன் இருந்தாள். ஒன்றரை அடி உயர ஐம்பொன் உற்சவ மூர்த்தி. நிர்வாகத்தில் யாருக்கும் விவரம் தெரியவில்லை. கோயில் பதிவேட்டிலும் இல்லை. யாரோ உபயமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்றார் ஒருவர். பாதுகாப்புக்காக யாரோ கொண்டுவந்து வைத்தது என்றார் இன்னொருவர்.

கடைசியில் தாமானிலிருந்து 81 வயசுப் பாட்டி ஒருவரை அழைத்துவந்தோம். கண்ணில் புரை. குனிந்து பார்த்தார், தெரியவில்லை. கையை நீட்டி அம்மனின் பீடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பீடத்தின் ஒரு மூலையில் சின்ன நசுங்கல் இருந்தது. அதைத் தொட்டதும், "இது நம்ம கீழ்த்தோட்டத்து ஆத்தா" என்றார். ஒரு திருவிழாவில் அம்மன் வந்த லோரி கால்வாய் ஓரம் சாய்ந்ததும், அம்மனை இறங்கவிடாமல் அவர் வீட்டுக்காரர் தோளில் தாங்கிக்கொண்டதும், அதில் விழுந்த நசுங்கல் அது என்றும் சொன்னார். கீழ்த்தோட்டம் என்று ஒரு தோட்டமே இன்றைக்கு இல்லை. அந்தக் கோயிலும் இல்லை.

பிறகு பாட்டி எங்களைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஆத்தாளைக் குளிப்பாட்டி எத்தன நாளாச்சு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்கே அர்ச்சகர் ஐயா அபிஷேகம் செய்தார். பாட்டி சொன்னதை ஒரு தங்கை ஹேண்ட்போனில் பதிவு செய்தாள். அதை எழுதி, மூர்த்தியின் படத்தோடு பதிவேட்டில் ஒட்டிவைத்தோம். இன்றைக்குக் கீழ்த்தோட்டத்து மாரியம்மன் என்ற பேரோடு அந்த அம்மன் உள்ளே எழுந்தருளியிருக்கிறாள்.

ஸ்ரீரங்கத்து வண்ணாரை நான் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். நம்ம ஜொகூரிலும் அவர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் எத்தனை வருஷத்துக்கு இருப்பார்கள்? அந்தப் பாட்டியின் விரலில் இருந்த அந்த ஞாபகம் உலகத்தில் வேறு எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. அந்த அம்மனை ஒரு திருடன் தூக்கிப் போயிருந்தால், இவள் எங்கள் ஆத்தா என்று எந்த நீதிமன்றத்தில், எதைக் காட்டி நாம் நிரூபித்திருப்போம்?

அதனால் இதைப் படிக்கிற இளைஞர்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கோயில் நிர்வாகத்திடமும் அர்ச்சகர் ஐயாவிடமும் அனுமதி வாங்குங்கள். ஒவ்வொரு மூர்த்தியையும் அலங்காரம் கலைந்திருக்கிற நேரம் பார்த்து, அவர்கள் சம்மதிக்கிற முறையில், முன், பின், இரண்டு பக்கம் என்று நாலு படம் எடுங்கள். மூலவரைப் படம் எடுக்கக்கூடாது என்றால் மரியாதையாக விட்டுவிடுங்கள். களவு போகிறவர்கள் பெரும்பாலும் உற்சவர்கள்தான். உயரம் அளந்து எழுதுங்கள். வெட்டு, நசுங்கல், தேய்மானம் எதையும் விடாமல் குறியுங்கள். யார் கொடுத்தது, எந்த வருஷம், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று பெரியவர்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதி கோயிலில், ஒரு பிரதி வெளியில் பத்திரமான இடத்தில் இருக்கட்டும். அதை இன்டர்நெட்டில் போட்டுத் திருடனுக்கு விலைப்பட்டியல் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாரக் கடைசியில் முடிகிற வேலை இது.

அதைவிட முக்கியமான வேலை இன்னொன்று. போய்க் கும்பிடுங்கள். கூட்டம் வருகிற பெரிய கோயிலுக்கு மட்டும் இல்லை, தனியாக நிற்கிற அந்தச் சின்னக் கோயிலுக்கும் போங்கள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போதும். எந்த அலாரமும், எந்த கேமராவும், தினம் விளக்கேற்றுகிற ஒரு கையைப் போல ஒரு கோயிலைக் காவல் காக்காது. கும்பிடப் போகிறவனுக்குத்தான் சாமியின் முகம் மனப்பாடமாகும்.

நம்ம சம்பந்தப் பெருமான் மூன்று வயதில் பாடிய முதல் பதிகத்திலேயே சிவபெருமானைத் திருடன் என்கிறார். தங்கத்தையோ பணத்தையோ திருடுகிறவர் இல்லை, பக்தனின் உள்ளத்தைத் திருடுகிறவர். திருடிக்கொண்டு போய் எங்கே வைத்துக்கொள்கிறார்? தம்மிடமே வைத்துக்கொள்கிறார். இந்த ஒரு திருட்டு மட்டும் நடந்துவிட்டால், மற்றத் திருட்டுக்கு இடமே இல்லை. உள்ளம் எந்தச் சாமியிடம் இருக்கிறதோ, அந்தச் சாமி ஒரு நாள் காணாமல் போனாலும் அன்றைக்கே நமக்குத் தெரிந்துவிடும். உலகத்தின் எந்த மூலையில் ஒளித்துவைத்தாலும், கூட்டத்தில் தாயைக் கண்டுபிடிக்கிற பிள்ளை மாதிரி கண்டுபிடித்துவிடுவோம்.

ஆகவே, சாமிக்கு யார் தக்கார் என்று கேட்டால், அரசாங்கம் என்றோ நிர்வாகம் என்றோ கை காட்ட வேண்டாம். உங்கள் கோயிலில் இருக்கிற அம்மனின் இடது கையில் என்ன இருக்கிறது, பீடத்தில் எத்தனை இதழ் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறவர் யாரோ, அவர்தான் தக்கார். இந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அவசரமாகத் திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், ஒரு ஐந்து நிமிஷம் அதிகமாக நின்று நல்லாப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் துணை இருப்பானாக. திருச்சிற்றம்பலம்.